தாம்பாளத்தை வாங்க ஆளில்லாத கம்பெனி

ஓசூர்
14-12-2007

அன்புள்ள மோகனுக்கு, சித்தப்பா சௌந்தரராஜன் எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, பூனாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு அப்படியே இருக்க வேண்டும். நம் பெண் பூங்கொடி கல்யாணம் தை பதினொன்று, பர்கூர் சம்பந்தி என் வேலை பர்மனென்ட் என்று கேட்ட பிறகுதான் தட்டு மாற்றினார், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார் என்றால் பார்த்துக்கொள். கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. எனக்கென்ன பயம், மெஷினைப் பூட்ட வந்த ஜெர்மனிக்காரனே என்னைக் கேட்டுத்தான் கிரைண்டிங் மெஷினைத் தொடுவான். ஆனாலும் பழைய முதலாளி கோவிந்தப்பன் காலத்தில் ஒரு வழக்கம் உண்டு, கல்யாணப் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து ஒருத்தன் அவர் கையில் கொடுத்துவிட்டால், கல்யாணம் முடிகிறவரை அவனை வேலையை விட்டு நிறுத்த மாட்டார். அவர் கம்பெனியை விற்றார், வாங்கினவன் இன்னும் பெரிய கம்பெனிக்கு விற்றான், இருந்தாலும் முதலாளி என்று ஒருத்தன் இருப்பானே என்று வெற்றிலை பாக்கு பழத்தோடு மேனேஜரிடம் போனேன். எழுந்து கும்பிட்டார், நானும் உங்களாட்டம் சம்பளக்காரந்தாங்க, எனக்கு இதை வாங்க அதிகாரமில்லை, பெங்களூரு ஆபீசுக்குப் போங்க என்றார். போனேன். பன்னிரண்டு மாடி, எனக்கென்று தனி லிப்ட் திறந்துவிட்டார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கன்னடத்தில் வெளுத்து வாங்கினேன். முதலாளின்னு யாரும் இல்லை அங்கிள், பங்கு வாங்கினவங்க எல்லாருமே முதலாளிதான், எங்கெங்கேயோ இருப்பாங்க, பத்திரிகையை அந்தப் பெட்டியில போட்டுட்டு பழத்தை எடுத்துட்டுப் போங்க என்றாள்.

நேற்று லிஸ்ட் ஒட்டினார்கள். பெயர் கிடையாது, டோக்கன் நம்பர் மட்டும்தான். சீனியர் என்பதால் என் நம்பர்தான் முதலில். முப்பத்தொன்றாம் தேதியோடு சரி. நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்கலாமென்று மேனேஜர் ரூமுக்குப் போனால், அவர் நம்பரும் லிஸ்டில் இருக்கிறதாம், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த இடத்தில் யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை மோகன்.

உன் சித்தி சம்பங்கிக்கு இன்னும் சொல்லவில்லை, அதனால் பதிலை வீட்டு விலாசத்துக்குப் போடாதே, முப்பத்தொன்றுக்குள் கம்பெனிக்கே போடு. ரயிலில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடு. தாய் தகப்பன் இடத்தில் நின்று ஆசீர்வதிக்கிறேன், நீ நூறு வயது நன்றாக இரு. மறக்காதே, சம்பந்தி உனக்குப் போன் செய்து விசாரித்தால் சித்தப்பா வேலை கெட்டியாக இருக்கிறது என்று சொல். தை பதினொன்று வரைக்கும் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
க. சௌந்தரராஜன்
கிரைண்டிங் செக்‌ஷன்