ஓவர்லாக் மெஷின் பெல்ட்டைத் தேடாதே

14.9.2006

மருதம்மா,

தையல் மெஷின் பெல்ட் என் பையில் இருக்கிறது, தேடாதே; இன்று தைக்காமல் படுத்திரு. உன் ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கக் கோயமுத்தூர் போகிறேன். ரசம் வைத்திருக்கிறேன், சாப்பிடு.

பீரோவில் நான் ஒட்டிய கவிதையைப் பார்த்து, "ஏனுங்க, அதையே எத்தன தடவ படிப்பீங்க?" என்பாயே.

'நின்ற பிறகுதான் கேட்டது
இத்தனை நாள் ஓடிய சத்தம்.'

இதை நான் படித்துக் காட்டியதும் எங்கள் பனியன் கம்பெனியில் கரண்ட் இல்லாமலே நாற்பது மெஷின் ஓடியது என்று அளந்திருக்கிறேன். திங்கட்கிழமை உன் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. ஓடி வந்தால், நீ துணிமேல் கவிழ்ந்து கிடந்தாய். அப்போதுதான் அந்த வரி எனக்குப் புரிந்தது.

உன் புளுகுமூட்டைப் புருஷன்

பி.கு.: பெல்ட்டுக்காகத் திட்டுவாய். நான் வரும்வரை திட்டுவதை நிறுத்தாதே. தெருமுனையிலேயே எனக்குக் கேட்க வேண்டும்.