ஊசி போட முடியாதவள்

சால்ட்பாண்ட், கானா
3 பிப்ரவரி 1998

என் எக்குவா,

அம்மா எழுதுகிறேன். நலம் என்று எழுதத்தான் ஆசை. இடது கண் முழுதும் போய்விட்டது. வலது கண்ணும் மழைக்காலம் வரைதான் என்கிறார் டாக்டர். அதற்குள் உன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

விசா கிடைத்ததில் சந்தோஷம். கனடாக்காரி ஆகிவிட்டால் பிறந்த ஊருக்கு வரவும் விசாவா என்று, மீனுக்குப் புகை போடும் அடுப்படியில் எல்லோரும் சிரித்தார்கள். இப்போது மஞ்சள் காய்ச்சல் ஊசி போட முடியாது, அது இல்லாமல் நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்கிறாய். ஏன் போட முடியாது என்று எழுதவில்லையே? பக்கத்து அடுப்புக்கார மான்சா என்ன சொன்னாள் தெரியுமா? "ஊசி மேல ஏன்டி பழியப் போடுறா உம் மக? வர மனசில்லன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?" அவளோடு சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அம்மா
அராபா

வின்னிபெக், கனடா
2 மார்ச்

அன்புள்ள அம்மா,

மான்சா அத்தை பேச்சை விடு. உடம்பில் சின்னச் சிக்கல், அவ்வளவுதான். அடுத்த வருடம் கட்டாயம் வருகிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து அனுப்பியிருக்கிறேன். மறக்காமல் விடு. அடுப்புப் புகையில் உட்காராதே.

உன்
எக்குவா

சால்ட்பாண்ட்
29 மார்ச்

மகளே,

அடுத்த வருடம் வந்தால் உன் குரல்தான் எனக்குக் கிடைக்கும். முகம் கிடைக்காது.

இதோடு ஊசி போட்டாச்சு என்று காட்டும் மஞ்சள் அட்டை ஒன்று வைத்திருக்கிறேன். மான்சாவின் மருமகன் வாங்கித் தந்தான். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கிறது. உன் பெயரை நானே எழுதினேன். விமான நிலையத்தில் இதைக் காட்டு, போதும். ஊசியே வேண்டாம். இனி என்ன சாக்குச் சொல்வாய் பார்க்கிறேன்.

அம்மா

வின்னிபெக்
20 ஏப்ரல்

அம்மா,

அந்த அட்டையில் நீ எழுதிய என் பெயரைப் பார்த்தேன். இனியும் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

மூன்று வருடத்துக்கு முன் என் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. விபத்தில் இறந்த யாரோ ஒருவருடையதை எனக்கு வைத்தார்கள். அதை உடம்பு வெளியே தள்ளாமல் இருக்கத் தினமும் மருந்து சாப்பிடுகிறேன். அந்த மருந்து நோயை எதிர்க்கும் சக்தியை அடக்கிவிடுகிறது. ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமி. ஊசியே என்னைக் கொன்றுவிடலாம்.

போடாமலே போகிறேன் என்று டாக்டரிடம் கெஞ்சினேன். ஊசி வேண்டாம் என்று அவர் கடிதம் தந்தால் அதிகாரி விடுவாராம். கொசு விடாதாம். அது கடித்து மஞ்சள் காய்ச்சல் வந்தாலும் மலேரியா வந்தாலும் நான் தாங்கமாட்டேனாம். அடுத்த வருடமும் இதே கதைதான். நான் சொன்னது பொய். தெரிந்தால் நீ சாப்பிடாமல் கிடப்பாய் என்றுதான் சொல்லவில்லை. என்னைத் திட்டியாவது எழுது.

எக்குவா

சால்ட்பாண்ட்
24 மே

என் தங்கமே,

எழுத்து கோணலாகப் போகும், பொறுத்துக்கொள். எழுதுவது எனக்கே தெரியவில்லை.

என்னிடம் இரண்டு சிறுநீரகம் இருந்ததே. பெற்றவளிடம் கேட்க உனக்கு என்ன கூச்சம்? அதற்காகத்தான் உன்னைத் திட்ட வேண்டும்.

நானாவது அங்கே வரலாமென்று அக்ராவில் இருக்கும் கனடா தூதரகத்துக்குப் போனேன். வந்தால் திரும்பமாட்டேன் என்று விசா தரவில்லை. பேருந்தில் வரும்போது கடலைப் பார்த்தபடியே வந்தேன். வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

நம் குடும்பத் தலைவர் கொபினா மாமாவிடம் ஒன்று சொல்லிவிட்டேன். நான் செத்தால் உன்னை அழைக்கக் கூடாது. "பெத்த மக நிக்காத சாவு வீடா? ஊரு காறித் துப்பும்" என்றார். "துப்பட்டும் அண்ணே, துப்புனா தொடச்சுக்கலாம்" என்றேன்.

அதனால், சேதி வந்தாலும் கிளம்பாதே. டாக்டர் சம்மதித்தாலும் கிளம்பாதே. கறுப்புத் துணி உடுத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழு. முதலில் மருந்தைச் சாப்பிடு, அப்புறம் அழு.

அம்மா