குறுக்கி வைத்த சக்கரம்

மாமா,

இரண்டு நாள் ஆகியும் கையில் கியர் ஆயில் வாடை போகவில்லை. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன், சோப்புப் போட்டுத் தேய்த்தேன். விரல் இடுக்கில் அப்படியே இருக்கிறது, மக்கின இலை வாடையோடு சேர்ந்து. உங்கள் டிராக்டரின் வாடை. ஏழு மாதமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்ததை ஞாயிற்றுக்கிழமை நான்தான் திறந்தேன்.

அக்கா கடிதம் போட்டிருந்தாள். வண்டியை விற்க வேண்டும், கரடியூரிலிருந்து ஒருவர் கேட்கிறார், விலை சொல்ல நீ வா என்று. வாங்கும்போது விலை பேசியவன் நான். விற்கும்போதும் நானே பேச வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். நியாயம்தான்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, உங்களுக்கே தெரியும். அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தவன் நான். அது உங்கள் மேல் கவிழ்ந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு போஸ்ட் கார்டு இருக்கிறது. அதை எழுதியவனும் நான். எழுதுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. இதை அக்காவிடம் ஏழு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

காப்பி எஸ்டேட்டில் ரைட்டர் வேலையை விட்டுவிட்டு, ஏற்காட்டு மலையில் நாகலூருக்கு மேலே நீங்கள் ஐந்து ஏக்கர் வாங்கிய வருடம், நான் பாலிடெக்னிக் முடித்து ஒசூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அக்கா கல்யாணத்தன்று எனக்கு மூன்று வயது. உங்கள் தோளில் உட்கார்ந்து கோயிலிலிருந்து வந்தவன், இப்போது டிராக்டர் கம்பெனிகளின் விலைப்பட்டியல்களைக் கட்டில் மேல் பரப்பி உங்களுக்கு வகுப்பு எடுத்தேன்.

"அஞ்சு ஏக்கருக்கு முப்பத்தஞ்சு குதிரைத்திறன் எதுக்குங்க மாமா? கொசு அடிக்கக் கோடாலியா?"

"ஏன் மாப்ளே, உங்க பாலிடெக்னிக்ல மலை ஒண்ணு வெச்சிருக்காங்களா, இல்ல எல்லாம் மட்டமான தரைலதானா?" என்றீர்கள். அக்கா அடுப்படியிலிருந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பதினெட்டுக் குதிரைத்திறன் போதும் என்று பென்சிலால் வட்டம் போட்டேன்.

பவர் டில்லர் என்றால் பாதி விலையில் முடியும் என்றும் சொன்னேன். அது ஒன்றைத்தான் நீங்கள் யோசிக்காமல் தள்ளினீர்கள். "அதுக்குப் பின்னால நடக்கறதுக்கு மாட்டுக்குப் பின்னாலயே நடந்துட்டுப் போறேன். இருபத்தஞ்சு வருசமா அடுத்தவன் வேல செய்யறத நின்னு நின்னு நோட்டுல எழுதுனேன் மாப்ளே. இனி எம்மண்ண உக்காந்து உழுகோணும்."

சரி, உட்காருங்கள் என்று நானும் விட்டேன்.

அடுத்தது தடம். உங்கள் காட்டுக்குப் போக இருந்த ஒரே வழி, எஸ்டேட் கற்சுவருக்கும் சில்வர் ஓக் மர வரிசைக்கும் நடுவில். டேப் பிடித்தேன். நாலரை அடி. பெரிய வண்டி நுழையவே நுழையாது. சுவரை ஒரு முப்பதடி நீளத்துக்கு ஒரு அடி தள்ளிக் கட்டினால் போதும், மேனேஜரிடம் கேளுங்கள் என்றேன். உங்கள் முகம் மாறிவிட்டது.

"அந்தச் செவுரு கட்டுனப்ப ஆளுங்களுக்குக் கூலி எழுதுனவன் நானு. அத இடிங்கன்னு போயி நானே நிக்கறதா? வெளிய வந்தவன் திரும்பிப் போயி ஒண்ணு கேக்கறது எங்க எஸ்டேட்ல பழக்கமில்ல."

நான் போய்க் கேட்டிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. ஆனால் மறுநாள் காலை பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று இருந்தேன். சுவர் நின்ற இடத்தில் நின்றது. சுவருக்கு ஏற்ற வண்டியைத் தேடினோம்.

சேலத்துக் கடையில் அந்தக் குட்டி வண்டியைப் பார்த்ததும் நீங்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள், பெண் பார்க்க வந்தவர் மாதிரி. நான் விலையில் இருந்தேன். ஐம்பத்தெட்டாயிரம் சொன்னார்கள். மேல்கூடு வேண்டாம் என்று வெட்டினேன். "மலைக்காட்டுக்குன்னா சக்கரத்துக்கு இரும்பு வெயிட்டு மாட்டிக்குங்க சார், வண்டி மண்ணுல உக்காந்து நிக்கும்" என்றார் கடைக்காரர். இரும்பைக் கிலோக் கணக்கில் விற்கப் பார்க்கிறார் என்று உங்கள் காதில் சொன்னேன். டயரில் தண்ணீர் நிரப்பிக்கொண்டால் அதே எடை சும்மா கிடைக்கும் என்று பெருமையாக அதையும் வெட்டினேன். மூவாயிரத்துச் சொச்சம் மிச்சம். நீங்கள் கடைக்காரரிடம், "எம் மாப்ள, மிசின் படிச்சவரு" என்றீர்கள். டயரில் தண்ணீர் நிரப்ப நான் வரவேயில்லை மாமா.

ஃபாதர் வந்து வண்டியை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த அன்று, நீங்கள் கல்யாண வேட்டியோடு ஏறி உட்கார்ந்தீர்கள். இறங்கவே இல்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள் அக்கா. "ஊட்டுல கட்டலு எதுக்கு, இதுலயே படுத்துக்குங்க" என்றாள்.

அன்று மாலைதான் சக்கர விஷயத்தைச் சொன்னேன். பின்சக்கரத்தின் நடுத்தட்டு ஒரு பக்கமாகக் குழிந்திருக்கும். இடது சக்கரத்தை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாற்றி மாட்டினால் இரண்டும் வெளியே தள்ளி நிற்கும், வண்டிக்குக் கால் அகட்டி வைத்த மாதிரி. தடத்தில் நுழையும்போது குறுக்கி வையுங்கள், காட்டுக்குள் போனதும் விரித்து மாட்டிவிட்டுத்தான் சரிவில் உழ வேண்டும் என்றேன். ஜாக்கி, இரண்டு கட்டை, இரண்டு ஆள், இரண்டு மணி நேரம். தலையாட்டினீர்கள். செய்தீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் சந்தைக்குக் காய் ஏற்றிக்கொண்டு வெளியே வர ஒரு தடவை, திரும்பி உள்ளே போய் ஒரு தடவை.

ஐப்பசி மழைக்கு முன்னால் உங்கள் இன்லாண்ட் கடிதம் வந்தது. அந்தக் கெட்டி எழுத்து, செக்ரோலில் ஆள் பேரும் கூலியும் எழுதிப் பழகின எழுத்து. "மாப்ளே, வாரம் ரெண்டு தடவை சக்கரம் மாத்தி முதுகு போச்சு. ஆளும் கெடைக்கறதில்ல. குறுக்கி வெச்சே உழுதா என்ன ஆகும்? பாத்து எழுது." கீழே இன்னும் இரண்டு வரி. காப்பிக்காட்டில் வெட்டுகிற மாதிரியே சரிவுக்குக் குறுக்கே வரிசையாகக் குழி எடுத்திருக்கிறீர்கள், இலை தழையைக் கொட்டி மூடிவிட்டீர்கள், மழைத்தண்ணீர் அதில் இறங்கி மண் ஒரு பிடிகூட ஓடவில்லை என்று.

காய்கறிக் காட்டில் யாரும் அந்தக் குழி எடுக்க மாட்டார்கள். எஸ்டேட்காரர் மட்டும்தான் எடுப்பார். கத்தரி நட்டாலும் காப்பி நட்ட கையாகத்தான் நடுவார். இலை மூடிய குழி, பார்த்தால் தரை மாதிரி இருக்கும், சக்கரம் ஏறினால் முக்கால் அடி இறங்கும். இது நீங்களே எனக்கு எழுதியது. நான் படித்தேன். காய்கறிக் காட்டுக்கு எதற்குக் குழி, கிழட்டுப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டு மடித்து வைத்தேன்.

கேன்டீனில் உட்கார்ந்து, எதிரில் டீ ஆறுவதற்குள், ஒரு போஸ்ட் கார்டு எழுதினேன். "மேல்சரிவில் மட்டும் வேண்டாம். மற்ற இடத்தில் ஒன்றும் ஆகாது. மெதுவாக ஓட்டுங்கள்."

கீழ்ச்சரிவில்தான் நடந்தது. சக்கரத்தைக் குறுக்கியே வைத்து உழுதிருக்கிறீர்கள். கீழ்ப்பக்கத்துச் சக்கரம் இலைக்குழியில் இறங்கியிருக்கிறது. பக்கத்துக் காட்டில் களை எடுத்தவர்கள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கத்தன்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: "உன்ற கார்டு வந்த அன்னிக்கு நொம்ப சந்தோசம் அவருக்கு. மாப்ள கணக்குப் போட்டுச் சொல்லிட்டான், இனி முதுகு தப்பிச்சுதுன்னாரு. நீயும் பாத்துத்தானே கண்ணு எழுதுன. அப்புறம் மாதா எதுக்கு இப்பிடிப் பண்ணா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

மறுநாள் ஒருவருக்கும் சொல்லாமல் காட்டுக்குப் போய் அளந்தேன். கீழ்ச்சரிவை நான் கண்ணால் பார்த்துப் பன்னிரண்டு டிகிரி என்று மனதில் வைத்திருந்தேன். பதினெட்டு. குழியின் ஆழம், குறுக்கி வைத்த சக்கர அகலம், எல்லாவற்றையும் பாக்கெட் நோட்டில் எழுதினேன். எழுதிவிட்டு மூடினேன். விரித்து மாட்டியிருந்தாலும் அந்தக் குழியில் வண்டி கவிழ்ந்திருக்கும் என்று விடை வரலாம். வந்தால் நான் தப்பினேன். வராமலும் போகலாம். இன்ஜினியரிங் படித்தவன், நாலு வரிக் கணக்கைப் போடப் பயந்து ஏழு மாதம் அந்த நோட்டைச் சட்டைப்பையில் வைத்துச் சுமந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கரடியூர்க்காரர் மப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். வண்டியை ஒரு சுற்று வந்து, நசுங்கிய மட்கார்டை விரலால் தட்டினார்.

"ஏனுங்க, என்ன வெல சொல்றீங்க?"

"நாப்பது."

"ஆளக் கொன்ன வண்டிங்க. எங்கூட்டுல ஒத்துக்கவே மாட்டேங்கறாங்க. இருபத்தஞ்சுன்னா அவங்களச் சமாளிச்சுக்குவேன்."

"வண்டி கொல்லலீங்க," என்றேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்து காட்டினேன். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. கடைசியில் முப்பதுக்கு வந்தார். அக்கா உள்ளேயிருந்து மூன்று தம்ளரில் காப்பி எடுத்து வந்தாள். முப்பது என்றால் அவளுக்கு ஒரு வருடம் தள்ளும். உங்களுக்குப் பிள்ளை இல்லை. கேட்க அவளுக்கு வேறு ஆளும் இல்லை.

கரடியூர்க்காரர் காப்பியை வாங்கிக்கொண்டு கேட்டார்: "எங்க காட்டுக்குப் போற தடமும் இத்தாச்சோடு அகலந்தானுங்க. சக்கரத்த இப்பிடிக் குறுக்கியே வெச்சு உழுதுக்கலாமுங்களா? ஒவ்வொருக்காக் கழட்டி மாட்ட ஆளில்லீங்க."

அதே கேள்வி மாமா. காரணம்கூட மாறவில்லை. அக்கா பக்கத்தில் நிற்கிறாள். உழலாம் என்றால் வண்டி போய்விடும், அக்கா கையில் முப்பதாயிரம் இருக்கும், அவள் என்னைப் பற்றி நினைப்பதும் அப்படியே இருக்கும்.

"கூடாதுங்க," என்றேன். "சரிவுல சாயும். குழி கிழி இருந்தா கவுந்துரும்."

அவர் காப்பியைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப எனக்குச் சரிப்படாதுங்க. நெசத்தச் சொன்னீங்க, நல்லாருங்க," என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அவருக்கு மட்டும் ஏன் சாமி ஒண்ணும் ஆகாதுன்னு எழுதுன?"

"கணக்குப் போடலக்கா."

"போடலன்னா?"

"போடல. டீ ஆறங்குள்ள எழுதிப் போட்டுட்டேன்."

தம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கியதைப் பிரித்தாள். மறுபடி அடுக்கினாள். "ஏழு மாசமா மாதாகிட்டச் சண்ட போட்டுட்டு இருந்தேன்," என்றாள். "கோயில் வாசப்படி மிதிக்கல. ஒரு மெழுவத்தி பத்த வெக்கல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அழுவாள் என்று காத்திருந்தேன். உள்ளே போய்ச் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, தண்ணீர் வைத்தாள். அதன் பிறகு கண்ணு என்றும் சொல்லவில்லை, சாமி என்றும் சொல்லவில்லை. நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, கோயில் பக்கம் நடந்தாள். நான் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு நாகலூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

ஏற்காட்டில் பஸ் மாறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இறக்கம் தொடங்கியதும் நோட்டை எடுத்தேன். இனி பயந்து மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. சரிவு, குழி, சக்கர அகலம், வண்டியின் கனம் நிற்கிற உயரம். குறுக்கி வைத்தால் கவிழும். விரித்து மாட்டியிருந்தால், அதே சரிவில், அதே குழியில் இறங்கியும், வண்டி சாய்ந்து நின்றிருக்கும். நீங்கள் என்னைத் திட்டிக்கொண்டே இறங்கி வந்திருப்பீர்கள். இரண்டாவது கொண்டை ஊசி வளைவு திரும்புவதற்குள் விடை வந்துவிட்டது.

மலை இறங்கும் வரை, மிச்சம் பதினெட்டு வளைவிலும் அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன் மாமா. மாறவில்லை.