நீங்கள் தாண்டிப்போன பக்கங்கள்

சண்டை பிடிக்கவாவது ஒருதரம் எழுந்து வரமாட்டீர்களா என்று என்னை ஏங்க வைத்துவிட்டுப் போன என் அப்பாவுக்கு,

உங்கள் படத்தைத் திறந்தாயிற்று. ஓவேலியில் நீங்களும் உங்கள் கூட்டாளிகளும் பலகை அடித்து, தகரம் போட்டுக் கட்டினீர்களே, அந்த வாசிகசாலையில்தான். ஊரெல்லாம் நூலகம் என்று சொன்னாலும் நீங்கள் கடைசிவரை சிலோன் பேச்சை விடாமல் வாசிகசாலை என்றுதான் சொன்னீர்கள். படத்துக்குக் கீழே 'சமத்துவச் சுடர்' என்று எழுதியிருக்கிறார்கள். அதை நான் இரண்டுதரம் படித்தேன். பெருமையில் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கதை உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் நாலு பேர் இதைப் படிக்கப்போகிறார்கள், சொல்லித்தான் ஆகவேண்டும். இலங்கையின் மலைத்தோட்டத்தில் பிறந்தீர்கள். அங்கே உங்களை வடக்கத்தியான் என்றார்கள், கள்ளத்தோணி என்றார்கள், உன் நாட்டுக்குப் போ என்று கப்பலேற்றினார்கள். உங்கள் நாட்டுக்கு வந்து, நீலகிரியில் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டினீர்கள். இங்கே நீங்கள் சிலோன்காரன். எந்தக் கரையில் இறங்கினாலும் நாம் அடுத்த கரைக்காரர்கள்.

அந்தக் கோபத்தில்தான் படிக்க ஆரம்பித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை சோறுண்டதும் வாசிகசாலை நிறைந்துவிடும். ஆண்கள் உள்ளே பெஞ்சில். பெண்கள் வெளியே படியிலும் விறகுக்கட்டின்மேலும். வரக்கூடாது என்று நீங்கள் சொன்னதே இல்லை. "கதவு தொறந்துதானே கெடக்கு" என்பீர்கள். வா என்றும் சொன்னதில்லை. அம்மா தேத்தண்ணிக் கேத்தலை வாசல்வரை கொண்டுவந்து நீட்டுவாள். உள்ளேயிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும்.

நீங்கள் திரும்பத் திரும்பப் படித்தது ஒரே புத்தகம். அமெரிக்காவில் பருத்திக்காட்டில் அடிமையாகக் கிடந்த ஒரு கறுப்பு மனிதனின் கதை. யாரோ தமிழில் பெயர்த்தது, அட்டை பிய்ந்துபோய் காலண்டர் தாள் போட்டு வைத்திருந்தீர்கள். முதலாளி என்று இருந்தால் 'தொரை' என்று படிப்பீர்கள். மேற்பார்வையாளன் என்று இருந்தால் 'கங்காணி'. சவுக்கடி வரும் இடத்தில் புத்தகத்தைத் தாழ்த்தி எல்லாரையும் பார்ப்பீர்கள். "கேட்டுக்கிட்டீங்களா? இது எங்கியோ நடந்த கதையில்ல. இது நாம." உள்ளே மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்கும். வெளியே யாரோ ஒரு அத்தை எனக்குப் பேன் பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கதைதான் என்னை நிமிர வைத்தது. கூடலூர் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி "சிலோன்காரி, தள்ளி உக்காரு" என்றபோது, "ஏன், நீ என்ன தொரைசானியா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். அந்தத் தைரியம் நீங்கள் போட்ட சோறு. அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

நீங்கள் போனபிறகு அந்தப் புத்தகத்தை நான் குன்னூருக்கு எடுத்து வந்தேன். தேயிலை பாக்கெட் போடுகிற என் வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். காதால் கேட்ட கதையை முதல்முறையாகக் கண்ணால் படிக்கிறேன். பாதி தாண்டவில்லை, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அப்பா, அந்த ஆளுக்கு ஒரு மனைவி இருக்கிறாள்!

ஓரத்தில் வந்துபோகிறவள் இல்லை. அத்தியாயம் அத்தியாயமாக அவளே பேசுகிறாள். அதே காட்டில் அதே பருத்தியைப் பறிக்கிறாள், அதே சவுக்கை வாங்குகிறாள். பொழுது சாய்ந்தால் தொரையிடம் அடிவாங்கிய புருஷன் வந்து அவளை அடிக்கிறான். தொரை உன்னை அடித்தால் நீ என்னை அடிக்கிறாய், நான் போய் யாரை அடிப்பது என்று அவள் கேட்கிறாள். இத்தனை வருஷம் ஞாயிறு தவறாமல் கேட்டோமே, அவள் குரல் எங்கள் காதில் ஒருநாள்கூட விழவில்லையே! மற்ற பக்கங்களெல்லாம் உங்கள் கட்டைவிரல் பட்டு ஓரம் கறுத்திருக்கின்றன. அவள் பேசுகிற பக்கங்கள் மட்டும் வெள்ளையாக இருக்கின்றன.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பீல்டு ஆபீசர் உங்களை நாலு பேர் முன்னால் "சிலோன்காரனுங்களே இப்படித்தான்யா" என்று ஏசிய நாட்களில், எப்படியோ நம் வீட்டுக் குழம்பில் உப்புக் கூடிவிடும். அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு மறுநாள் கொழுந்து பறிக்கப் போவாள். கேட்டால் குளிர் என்பாள்.

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். விவரமில்லாத மனுஷன், அந்தக் காலத்து ஆள் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் எந்தப் பக்கத்தைத் தாண்டவேண்டும் என்று உங்களுக்கு அச்சுப்பிசகாமல் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் படித்திருக்கிறீர்கள். விளங்கியிருக்கிறது. விளங்கிய பிறகும் கை ஓங்கினீர்களா? வெட்கம் வந்ததா, பயம் வந்ததா? யாரைப் போய்க் கேட்பேன் நான்?

இப்படி நான் வெந்துகொண்டிருந்தபோதுதான் மணி போன் செய்தான். உங்களிடம் எழுத்துக்கூட்டிப் படித்த மணி. இப்போது ஜீப் ஓட்டுகிறான், வாசிகசாலைக்கும் அவன்தான் செயலாளர்.

"ஏனுங்க அக்கா, அப்பா படத்தெறப்புக்கு நீங்கதான் பேசோணும்."

"நான் என்ன மணி பேசறது?"

"உள்ளதப் பேசுங்க. ஆனா வெரசா முடிச்சுப்போடுங்க. அஞ்சு மணிக்கு மேல பாதையில ஆனை வந்து நின்னுக்குது."

உள்ளதைப் பேசவேண்டுமாம். உங்கள் சட்டையை அம்மா இன்னும் துவைத்து மடித்து வைக்கிறாள். உங்கள் படத்துக்கு முன்னால் தேத்தண்ணி வைத்துவிட்டுத்தான் தான் குடிக்கிறாள். அந்தப் பக்கங்களைச் சபையில் படித்தால் அம்மா உடைந்துபோவாள். படிக்காவிட்டால் நானும் அவற்றைத் தாண்டியவளாகிவிடுவேன். புத்தகத்தைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டுதான் போனேன், ஆனால் படிப்பேனா மாட்டேனா என்று படி ஏறும்வரை எனக்கே தெரியாது.

பெஞ்சுக்குப் பதிலாக இப்போது பிளாஸ்டிக் நாற்காலி. மற்றபடி எதுவும் மாறவில்லை. ஆண்கள் உள்ளே, பெண்கள் வெளியே. மணி ஓடிவந்து, "அம்மா, உள்ள வாங்க, முன்னாடி உக்காருங்க" என்றான். "இங்கயே நல்லாக் கேக்குது தம்பி" என்று அம்மா வாசல்படியில் நின்றுகொண்டாள். செத்தது அவள் புருஷன்.

உங்கள் பழைய தொழிற்சங்கத் தலைவர் முதலில் பேசினார். "ஒலகத்துல எந்த மூலையில மனுசன மனுசன் அடிச்சாலும் நம்ம அண்ணன் கண்ணு கலங்கும்" என்றார். கைதட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது அப்பா, கெட்ட சிரிப்பு. மைக்கை வாங்கினேன். பேச்சு எதுவும் பேசவில்லை. புத்தகத்தை எடுத்து, உங்கள் விரல் படாத பக்கத்திலிருந்து படித்தேன்.

முதலில் எல்லாரும் புன்னகைத்தார்கள், தெரிந்த புத்தகம் அல்லவா. பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். அவன் வீட்டுக்கு வருகிறான், அவள் சோறு வைக்கிறாள், அவன் தட்டை எறிகிறான். நாற்காலிகள் கிறீச்சிட்டன. தலைவர் எழுந்துவிட்டார்.

"ஏம்மா, இது அந்தப் புத்தகத்துல இல்லியே. நாங்க எத்தன தடவ கேட்டிருக்கோம்."

"இருக்குதுங்க. வந்து பாருங்க."

"அப்போ நேரம் பத்தாம விட்டிருப்பாரு. செத்த மனுசன் மேல குத்தம் பாக்காதம்மா. நல்லதுக்கில்ல."

"நேரமெல்லாம் இருந்துச்சு."

குரல் வாசலிலிருந்து வந்தது. அம்மா. நாலு பேர் முன்னால் அவள் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நான் ஒருக்கா கேட்டேன். அந்த மனுசனுக்குப் பொஞ்சாதி இல்லியா, வேலை முடிஞ்சு வந்தா யாரு சோறாக்கிப் போடுறான்னு. இல்லேன்னாரு."

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தலைவர் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "மிச்சத்தையும் படி" என்றாள். படித்தேன். பின்னாலேயே இரண்டு மூன்று பெண்கள் வந்து சுவரோரம் நின்றார்கள். தலைவர் உங்கள் படத்துத் துணியை வேகமாக இழுத்துவிட்டு, மாலையைப் போட்டுவிட்டு, ஆனையைச் சாக்கு வைத்துக் கிளம்பிவிட்டார்.

ஜீப்பில் திரும்பும்போது அம்மா அழுதாள். ஓட்டிக்கொண்டிருந்த மணி பாதையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நல்ல மனுசன்தான்டி. கெட்டவனா இருந்திருந்தா இம்புட்டு வலிக்காது" என்றாள். அதற்குப் பதில் உங்களுக்குத் தெரியுமா?

இன்னொரு சேதியும் இருக்கிறது. நாம் இருந்த லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். கொழுந்து பறிக்கக் கூட்டிவந்திருக்கிறார்கள். நம் சனம் அவர்களை எப்படிக் கூப்பிடுகிறது தெரியுமா? வடக்கன். சிலோனில் நம் முகத்தில் துப்பிய சொல்லை அலசித் துடைத்து அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம். உங்கள் புத்தகத்தைக் கேட்டு மூக்கைச் சிந்தியவர்கள்தான் கொடுத்திருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் மறுபடி வாசிகசாலைக்குப் போனோம். பெண்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள், நான் படித்தேன். கைக்குழந்தையோடு அந்த ஜார்க்கண்ட் பெண்களில் ஒருத்தி வாசல்படியில் வந்து நின்றாள். என் அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, "அந்த வடக்கத்திப் புள்ளைக்கு என்னா வெளங்கப்போவுது, போகச் சொல்லு" என்றாள். நேற்றுவரை அதே படியில் நின்றவள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒனக்குந்தான் வெளங்காதுன்னு ஒருத்தர் பக்கத்தைத் திருப்புனாரு" என்றேன். சுருக்கென்று தைத்திருக்கும், தைக்கட்டும். கைகாட்டி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் தயங்கித் தயங்கி வந்தாள். அம்மா முணுமுணுத்துக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது. ஊர் திருந்திவிட்டது என்று உங்களுக்குப் பொய் எழுத மாட்டேன்.

அப்பா, ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உங்களைப் பற்றி யார் கேட்டாலும், என் பிள்ளைகளே கேட்டாலும், ஒரு பக்கத்தையும் தாண்ட மாட்டேன். மஞ்சள்காமாலையில் துவண்டுகிடந்த என்னைத் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில் கூடலூர் ஆஸ்பத்திரிவரை நடந்தீர்களே, அதைச் சொல்வேன். அம்மாவின் முன்பல் எப்படிப் போனது என்பதையும் சொல்வேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வேன்.

ராக்கம்மாள் வயிற்றில் பிறந்த,
உங்கள் மகள்
சிவகாமி