சுஜி வீட்டை வாறாள்

1988 மார்ச் 9, புதன்
மழையும் பனியும் கலந்து. இந்தச் சுவிஸ் நாட்டு லுசேர்ண் முழுக்கச் சேறு. நாளைக்குக் கோர்ட். இவற்ற கோட்டுக்கு இஸ்திரி. ஹோட்டல் சமையலறையில லீவு தந்திட்டாங்கள்.
பின்னேரம் ஏலாத பிள்ளையளின்ர விடுதிக்குப் போனன். எங்கட மகள் சுஜியை அங்க வைச்சு மூண்டு மாதம். அஞ்சு வயது. வலிப்பு. நடையில்லை, பேச்சில்லை. "வளர்க்க ஏலாது" எண்டு நானே சொன்னனாம். அதைப் பிடிச்சுக்கொண்டு சிறுவர் நலக் கந்தோர் எங்கட பெற்றார் உரிமையையே எடுக்க நிக்குது. நான் எப்ப சொன்னனான்?
வாழைப்பழம் மசிச்சுக் குடுத்தன். முழுக்கத் திண்டவள். வெளிக்கிடேக்க அழுதாள். பஸ்ஸில நானும்.
இவர்: "நாளைக்கு அங்க அழாதை. பிள்ளை பார்க்கத் தென்பில்லாதவள் எண்டு நினைப்பாங்கள்."

10, வியாழன்
வெயில். நீதவான் வயசான மனிசன். மொழிபெயர்க்கப் புதுசா ஒரு அக்கா, மதுரைப் பக்கம். முந்தி கந்தோரில எனக்கு மொழிபெயர்த்தவர் வேற ஆள்.
நீதவான் அக்கா மூலமாக் கேட்டார், பிள்ளையைப் பார்க்க முடியாது எண்டு சொன்னனானோ எண்டு.
"இல்லை ஐயா. அண்டைக்குக் கந்தோரில கேக்கேக்க எனக்குக் காய்ச்சல். எனக்கு ஏலாமல் கிடக்கு எண்டுதான் சொன்னனான்."
அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா. "ஏலாமன்னா? உடம்பு முடியலைன்னா சொன்னீங்க?"
"ஓம், ஓம்! எனக்கு வருத்தம் எண்டு!"
"அட கடவுளே. எங்க ஊர்லயும் முடியலைன்னா அதுதானேம்மா!"
பிறகு ஜெர்மனில கனநேரம் விளங்கப்படுத்தினா. நீதவான் பேனையைக் கீழ வைச்சார். கந்தோர் மனிசி தலை நிமிரேல்லை. விடுதிச் சிஸ்டரும் எழும்பி, தாய் வாற நாளிலதான் பிள்ளை வடிவாச் சாப்பிடுது எண்டு சொன்னா.
நீதவான் ஜெர்மனில என்னைப் பார்த்து, "பிள்ளை உங்களோட இருக்கவேணுமோ?"
அக்கா வாய் திறக்க முந்தி நானே அவையின்ர பாசையில ஓம், "யா" எண்டிட்டன். "யா, யா." அழுதும் போட்டன். இவர் என்ர கையைப் பிடிச்சவர்.
முடிவு பிறகு சொல்லுவாங்களாம்.

11, வெள்ளி
விடிய எட்டு மணி வரைக்கும் நித்திரை! என்ன முடிவு வந்தாலும், நான் சொன்னது ஒருக்கா ஆருக்கோ விளங்கிச்சுதே.

18, வெள்ளி
லோயர் போன். உரிமை எங்களுக்குத்தான்! பகலில விசேட பள்ளிக்கூடம், இரவில வீடு. மாதத்தில ஒருக்கா கந்தோர் ஆள் வந்து பார்ப்பா. வரட்டும், தேத்தண்ணி குடுப்பன்.
போனை வைச்சிட்டு நிலத்தில இருந்திட்டன். இவர் கதவடியில நிண்டு, "உண்மையோ? உண்மையோ?" சப்பாத்தும் கழட்டேல்லை.
வாங்க: துவாய், ரவை, பேபி சோப். கட்டிலைச் சுவரோட தள்ள.

19, சனி
சுஜி வீட்டை. நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை. இவர் தோளில போட்டு ஏறினவர், நடுவில நிண்டு மூச்சு வாங்கினாலும் என்னட்டத் தரேல்லை.
பின்னேரம் வலிப்பு வந்திட்டுது. ஒருக்களிச்சுப் படுக்க வைச்சு, இவர் தலைமாட்டில, நான் பேரைச் சொல்லிச் சொல்லி. விட்டுது. கண்ணைத் திறந்து முதல் இவரைப் பார்த்தாள், பிறகு என்னை. மெல்லச் சிரிப்பு.
அடுப்பில சோறு கருகிப் போச்சு. மூண்டு பேரும் பாலில பாண் துண்டு தோய்ச்சுத் திண்டம்.