அளந்து முடிக்காத கை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம் என்று வழக்கம்போல மேலே எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், பிறகு அடித்துவிட்டேன், மையாகத் தெரிவது அதுதான். வேறு தாள் எடுக்கலாம், எழுந்து போக மனம் வரவில்லை. போனில் உன்னிடம் அப்பாவுக்கு லேசாக மயக்கம், இப்போது தேவலை என்று மட்டும்தான் சொன்னேன். நீ உண்மையச் சொல்லும்மா என்று கேட்கக் கேட்க எனக்கு அதே வார்த்தைதான் வாயில் வந்தது. போனில் நீ நடுவில் கேள்வி கேட்பாய், நான் ஒண்ணுமில்லடி என்று சொல்லிவிடுவேன், பழகிய வாய். தாளில் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்பா உயிரோடு இருக்கிறார், வீட்டில்தான் இருக்கிறார், இதோ கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். வந்தது மயக்கம் இல்லை, பக்கவாதம். வலது கையும் வலது காலும் சொன்னபடி கேட்கவில்லை, பேச்சு குழறுகிறது. இதை எழுதும்போது எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வந்தால் உனக்குச் சொல்கிறேன்.

நீ கல்யாணமாகிப் போன பிறகுதான் அப்பா பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டு எங்கள் ஹெல்த் சென்டர் வேனுக்கு வந்தார், அதனால் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்ததை நீ கண்ணால் பார்த்ததில்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்துகள்தான் எங்களுக்கு. ஒரு அறையை நடுவில் பலகை அடித்து இரண்டு குடும்பம் இருக்கும், மாடிப்படிக்கு அடியில் ஒரு ஆள் குடியிருப்பார். மூட்டை தூக்குகிறவர்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், ராத்திரி வேலைக்குப் போய்விட்டுப் பகலில் தூங்குகிறவர்கள். இவர்கள் யாரும் சென்டருக்கு வரமாட்டார்கள். வந்தால் ஒரு நாள் வேலை போகும், வந்த இடத்திலும் சீட்டு கொடுக்கிற ஆள் நாயை விரட்டுகிற மாதிரி விரட்டுவான். அதனால் நாங்களே போவோம். நான் முன்னால் போய்க் கதவைத் தட்டுவேன், எங்கள் நர்ஸ் பின்னால் பையோடு வருவாள், அப்பா வேனை எங்கேயாவது சொருகிவிட்டு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். நர்ஸைப் பற்றித்தான் போனில் சொல்வேனே, உன் வயதுதான் இருக்கும், என்னை அக்கா என்றும் அப்பாவை அப்பா என்றும் கூப்பிட்டு எங்கள் உறவையே குழப்பிவைத்திருக்கிறவள். பிரஷர் பார்க்கிற பட்டையைக் கண்டாலே சனங்களுக்குப் பயம். கையை நெரித்துவிடும் என்பார்கள், ரத்தம் எடுக்கத்தான் இந்த வேஷம் என்பார்கள், ஏதாவது வியாதி இருக்கிறது என்று சொல்லிவிட்டால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்பார்கள், இந்தக் கடைசிப் பயத்தில் நியாயம் உண்டு. அதற்கு அப்பாதான் மருந்து. வாசற்படியிலேயே உட்கார்ந்து இடது கைச் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, முதல்ல எனக்குக் கட்டும்மா, இவங்க பாக்கட்டும் என்பார். ஏன் எப்போதும் இடது கை என்று கேட்டால், வலது கை ஸ்டியரிங்குக்கு, அத யாருக்கும் குடுக்க மாட்டேன் என்பார். நர்ஸ் பட்டையைக் கட்டிப் பொத்தானை அழுத்துவாள், பட்டை உப்பும், அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஐயோ போச்சே என்று முகத்தைக் கோணுவார், பிள்ளைகள் சிரிக்கும், உடனே கண்ணைத் திறந்து, அவ்வளவுதாங்க, ஒண்ணும் இல்ல என்பார். அதைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டாதவர்கள் குறைவு.

இதில் ஒன்று உண்டு, அதைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா ஒண்ணும் இல்ல என்று சொன்னதுமே நர்ஸ் பொத்தானை மறுபடி அழுத்தி நிறுத்திவிடுவாள், காற்று இறங்கிவிடும். அவர் கையில் அந்த இயந்திரத்தை ஒருநாளும் முழுதாக ஓட விட்டதில்லை. பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும், புதுசு கேட்டால் சென்டரில் மூஞ்சியைக் காட்டுவார்கள். அதோடு எண் வந்துவிட்டால் அது நல்ல நம்பரா கெட்ட நம்பரா என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பிப்பார்கள், அதற்குள் யாருக்குப் பார்க்க வந்தோமோ அவர் நைசாக உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வார். அதனால் வேலை தெரிந்த எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம், பக்கத்து வார்டு வேனிலும் இதே கதைதான். அந்தச் சந்துகளிலேயே அதிகம் பட்டை கட்டிய கை உன் அப்பா கை, அதில் பிரஷர் எவ்வளவு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கொஞ்ச நாளாகத் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெயிலில் ஓட்டுவதால் இருக்கும் என்றேன் நான், கண்ணாடி பழசு என்றார் அவர், புதுக் கண்ணாடி மாற்றினோம். நர்ஸ் ஒருநாள் பாத்துடலாமாப்பா என்று கேட்டதற்கு, தினமும் பாத்துக்கிட்டுதானம்மா இருக்க என்று சிரித்தார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

அன்றைக்கு வேனைச் சென்டர் கேட்டுக்குள் திருப்பும்போது ஒரு பக்கம் முழுக்க உரசிவிட்டார். பஸ் ஓட்டின காலத்திலிருந்து ஒரு கீறல் போடாத மனுஷன். நான் முன்னால் இறங்கி நின்றுகொண்டு, புதுக் கண்ணாடி தண்டம்தான் போலிருக்கு என்று கிண்டல் பண்ணினேன். அவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார், வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது. வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீங்க என்று வீடு வீடாகப் படம் காட்டிச் சொல்கிறவள் நான். நானோ, என்ன இவர் இப்படிச் சிரிக்கிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நர்ஸ்தான் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். வாட்ச்மேனுக்கு வண்டி ஓட்டத் தெரியும், அவரே அதே வேனில் எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போகிற வழியில் நர்ஸ் அப்பாவின் இடது கையில் பட்டையைக் கட்டினாள், நிறுத்தவில்லை, கடைசிவரை ஓடவிட்டாள். வந்த எண்ணைப் பார்த்தாள், எனக்குக் காட்டாமல் மறுபடி அளந்தாள். இப்பதான் முதல் தடவையா முழுசா ஓடுது என்று அவள் தனக்குள்ளேயே சொன்னது எனக்குக் கேட்டது. ஆஸ்பத்திரி வராண்டாவில் அவள் என் மடியில் தலைவைத்து, ஒரே ஒரு தடவை பாத்திருக்கலாமேக்கா என்று அழுதாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொண்டு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தேன், கை கழுவும் முறை, முதலில் சோப்பு, பிறகு விரல் இடுக்கு. அது மட்டும் இப்போதும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. நேரத்தோடு கொண்டுவந்ததால் இந்த மட்டும் தப்பித்தார் என்று டாக்டரம்மா சொன்னார். சரிங்க டாக்டர் என்றேன்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் பெரிய பாடு. தினமும் பிரஷர் பார்த்து அதற்குத் தக்கபடி மாத்திரையைக் கூட்டிக் குறைக்க வேண்டும், அளக்காமல் குருட்டாம்போக்கில் மருந்து கொடுக்க முடியாது, இன்னொரு தடவை வந்தால் இவர் தாங்கமாட்டார் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அப்பா பட்டையைக் கட்டவிட மாட்டேன் என்கிறார். நர்ஸ் வேலை முடிந்து தினமும் வருவாள், அவள் செருப்புச் சத்தம் கேட்டதுமே இடது பக்கமாகப் புரண்டு அந்தக் கையை உடம்புக்கு அடியில் வைத்துக்கொள்வார். தப்பித்த கை அது ஒன்றுதான், அதையும் கொடுக்கமாட்டார். கெஞ்சிப் பார்த்தோம், அதட்டிப் பார்த்தோம். போதும், நெறைய கட்டியாச்சு என்று குழறிக் குழறிச் சொல்வார், அவ்வளவுதான். கையைப் பிடித்து இழுத்துக் கட்டலாம், நர்ஸுக்கு மனம் வரவில்லை, எனக்குத் தெம்பு வரவில்லை. நான் சமைக்கிறேன், துணி மாற்றுகிறேன், பிசியோ சொல்லிக்கொடுத்தபடி காலை மடக்கி நீட்டுகிறேன், எல்லாம் யார் வீட்டிலோ வேலை பார்க்கிற மாதிரி நடக்கிறது. சந்திலிருந்து சனங்கள் பார்க்க வருகிறார்கள், கதவைத் தட்டுகிறார்கள், நான் உள்ளே அசையாமல் உட்கார்ந்திருப்பேன், அவர்கள் போய்விடுவார்கள். ஆள் இருந்தும் திறக்காத வீடுகளைப் பற்றி உன்னிடம் எவ்வளவு புலம்பியிருப்பேன், திமிர் பிடித்தவர்கள் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். திமிர் இல்லை பாப்பா, எழுந்து வாசல்வரை போவது அவ்வளவு பெரிய வேலையாக இருந்திருக்கும்.

அந்தச் சந்தில் பூட்டுக்காரர் ஒருவர் உண்டு, மூலையில் பெட்டி வைத்துக்கொண்டு சாவி போட்டுக் கொடுப்பவர், தனி ஆள். மற்றவர்கள் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் திறப்பார்கள், கடைசிவரை எங்களுக்குக் கதவே திறக்காதவர் அவர் ஒருவர்தான். அப்பா ஒவ்வொரு தடவையும் அவர் ஜன்னல் கம்பிக்குள் கையை நுழைத்து, உள்ள நின்னே பாருங்கண்ணே என்று பட்டையைக் கட்டிக் காட்டுவார். அவர் நன்றாகப் பார்த்துவிட்டு, எனக்கு ஒண்ணும் இல்ல, அடுத்த வீட்டுக்குப் போங்க என்பார். நேற்று முன்தினம் சாயங்காலம் அவர் நர்ஸோடு வந்து தட்டினார். நான் வழக்கம்போல உட்கார்ந்திருந்தேன். அவர் ஜன்னலுக்கு வந்து, அம்மா நான் பூட்டுக்காரன், இந்தக் கதவத் திறக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும், ஆனா நீங்க திறந்தாதான் வருவேன் என்றார். எழுந்து திறந்தேன். என்னிடம் ஒன்றும் விசாரிக்காமல் நேராக உள்ளே போனார், ஸ்டூலைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போட்டு அப்பா முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார். முதல்ல எனக்குக் கட்டும்மா, இவரு பாக்கட்டும் என்றார். நர்ஸ் கட்டினாள். பட்டை உப்பியது, பூட்டுக்காரர் முகத்தைக் கோணவில்லை, நிஜமாகவே பயந்துபோய்ப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பழக்க தோஷம், நர்ஸின் விரல் பொத்தான் பக்கம் போனது. அப்பாதான் படுத்தபடியே, விடு, முழுசா விடு என்றார். அவர் குழறினாலும் அது எல்லாருக்கும் புரிந்தது. முழுதாக ஓடி நின்றது. பூட்டுக்காரருக்கும் அதிகம்தான், இத்தனை நாள் ஒண்ணும் இல்லாதவருக்கு. இது நல்ல நம்பரா என்று கேட்டார், இல்லண்ணே என்றாள் நர்ஸ், சரி, மாத்திரை எப்பலேருந்து சாப்பிடணும் என்றார். பிறகு பட்டையை அவரே அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார், கேட்கவில்லை. அப்பா மெல்லப் புரண்டு, அடியில் இருந்த கையை வெளியே எடுத்து அவர் மடியில் வைத்தார். நர்ஸ் கட்டி, கடைசிவரை ஓடவிட்டாள். டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினோம், மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். நேற்றும் அப்பா கை கொடுத்தார், இன்றைக்கு நர்ஸ் வேலைக்குப் போகிற வழியில் காலையிலேயே வந்தாள், அப்போதும் கொடுத்தார்.

அன்றைக்கே நர்ஸ் பட்டையை மடிக்காமல் என் பக்கம் திரும்பினாள். என் கையிலும் இதுவரை யாரும் கட்டியதில்லை, எனக்கே தோன்றியதில்லை. கட்டினாள். அது இறுக்கும்போது யாரோ கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. அப்போதும் அழுகை வரவில்லை, ஆனால் அவள் அவிழ்க்கும்போது இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று பட்டது. உனக்கு லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் அங்கே சண்டை போடாதே, அப்பா எங்கேயும் போய்விடவில்லை. மாப்பிள்ளை வேலையிலிருந்து எந்நேரம் வந்தாலும் நீ பட்டினி கிடந்து காத்திருக்காதே, உப்பைக் குறை, ஊறுகாயை அடியோடு விடு. போன மாதம் நீ பேசும்போது, அடிக்கடி தலை வலிக்குதும்மா, கண்ணாடி மாத்தணும் போல என்றாய். நானும் சரி மாத்திடு என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். கண்ணாடிக் கடைக்கு அப்புறம் போகலாம் கண்ணு.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி அண்டாமல் நீண்ட காலம் நன்றாக வாழ வேண்டும், அப்பாவும் இடது கையால் ஆசீர்வாதம் சொல்கிறார். அப்பாவுக்கு இன்று காலை நூற்று ஐம்பத்தெட்டு, தொண்ணூற்றாறு. எனக்கு நூற்று முப்பத்திரண்டு, எண்பத்திரண்டு. மேலே நலம் என்று எழுதி அடித்த இடத்தில் இதை வைத்துப் படித்துக்கொள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே எங்கேயாவது போய்க் கையை நீட்டு, அது முழுதாக ஓடி நிற்கிறவரை எழுந்துவிடாதே. பதிலில் நலம் என்று எழுதாதே, எண்ணை எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா