மேஜைமேல் கிடந்த பச்சை அட்டை

நாரின்,
மார்ச் 11, செவ்வாய்

அன்புள்ள எல்தியாருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் அக்கா கூல்ஜானும் ஆண்டவன் அருளால் குறையில்லாமல் இருக்கிறோம், அந்தக் கடல் காற்றில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் எங்களுக்கு நினைப்பெல்லாம். ஆற்றில் பனிக்கட்டி உடைய ஆரம்பித்துவிட்டது. அம்மாவின் முழங்கால் வலி போன மாதத்தைவிடத் தேவலை. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, பெண் கன்று. அக்காவின் மகன் பெக்தூருக்கு நடை வந்துவிட்டது, ஆனால் காலில் கயிறு கட்டி அறுக்கும் சடங்கை மாமன் நீ நூரூஸ் பண்டிகைக்கு வந்த பிறகுதான் செய்யவேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறாள், கறுப்பும் வெள்ளையுமாகக் கம்பளி நூலை முறுக்கி ஆணியில் மாட்டியும் வைத்துவிட்டாள். கயிறு அறுக்கும் முன் குழந்தை நடந்ததாக இருக்கக்கூடாது என்பதால், அவன் வீடு முழுக்க நடந்து திரியும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நேற்று அவன் அடுப்படியிலிருந்து நேராக நடந்து வந்து அவள் மடியில் விழுந்தான். "என் தங்கம் எப்படித் தவழ்ந்து வருது பாரு" என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

பக்கத்து வீட்டுக் குபாத் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு நாளைக் காலை கிளம்புகிறான், வெள்ளிக்கிழமை உன் ஊரில் இருப்பான். தபாலில் போட்டால் சனிக்கிழமைக்குள் வராது என்பதால் இதை அவன் கையில் கொடுக்கிறேன். கூடவே ஒரு பை தயிர் உருண்டையும் அம்மா பின்னிய கம்பளி உள்சட்டையும் இருக்கின்றன. உள்சட்டையைப் போட்டுக்கொண்டாயா என்று அவள் கேட்பாள், அதனால் போட்டுக்கொண்டுவிடு.

சனிக்கிழமையும் தோற்றால் திங்கட்கிழமை தலைமைப் பயிற்சியாளர் வேலையை விட்டுவிடுவேன், எனக்கு அதற்கான மூளை இல்லை என்று நீ கூல்ஜானிடம் சொன்னதை அவள் எங்களிடம் சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அதைக் கேட்ட பிறகு மூன்று தடவை உனக்குத் தொலைபேசியில் பேசினேன், மூன்று தடவையும் அங்கே காற்று எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நான் சொல்ல வேண்டியது காற்றைப் பற்றி அல்ல. இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்துவிட்டு ஐந்தாவதாக எழுதுகிறேன், இதுவும் சரியாக வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் நேரம் இல்லை.

உன் அணி ஆடிய ஒன்பது ஆட்டங்களையும் கூல்ஜானின் கணினியில் பார்த்தேன். வழக்கம்போல நோட்டில் எழுதிக்கொண்டே பார்த்தேன், கணக்கு வாத்தியாருக்கு வேறு எப்படிப் பார்க்கத் தெரியும். ஒரு வெற்றி, இரண்டு சமன், ஆறு தோல்வி. அந்த ஆறில் நான்கில் கடைசி மூன்று நிமிடம் வரை நீங்கள்தான் முன்னால் இருந்தீர்கள். பாதிக்கு ஒன்று என்று ஆட்டத்துக்கு ஒரு நிமிட டைம் அவுட் இரண்டு கேட்கலாம், ஒன்பது ஆட்டத்தில் பதினெட்டு. நீ கேட்டது நான்கு. முன்னால் இருக்கும்போது, கடைசி ஐந்து நிமிடத்தில் கேட்டது ஒன்றுகூட இல்லை. பையன்கள் மூச்சு வாங்கி நிற்கிறார்கள், ஒருவன் உன்னைத் திரும்பிப் பார்க்கிறான், நீ கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய். உனக்கு ஆட்டம் தெரியவில்லை என்று நான் சொல்ல வரவில்லை, பத்து வயதிலிருந்து உள்ளரங்கக் கால்பந்தின் அந்த மரத் தரையிலேயே வளர்ந்தவன் நீ. நீ ஏன் கேட்பதில்லை என்று எனக்குத் தெரியும், அது என்னால் வந்தது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், உனக்கு உதவிப் பயிற்சியாளர் வேலை கிடைத்த புதிதில், இங்கே சாப்பிட உட்கார்ந்தபோது உன் பழைய பயிற்சியாளரைப் பற்றி நீ சொன்னது நினைவிருக்கிறதா. "அன்னிக்கு சகின்பாய் அண்ணன் டைம் அவுட் கேக்கல. பசங்க பாத்துப்பாங்கன்னு எங்களை நம்பினாரு. நாந்தான் கெடுத்தேன். நான் கோச்சானா என் பசங்களை அப்படித்தான் நம்புவேன்" என்றாய். அம்மா உன் தலையைத் தடவினாள். நான் தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எல்தியார், அன்று சகின்பாய் கேட்டார்.

பதினாலு வருடத்துக்கு முந்தைய அந்த ஆட்டத்தை உனக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை, ஆனால் மேஜைப் பக்கத்திலிருந்து நீ அதைப் பார்த்ததில்லை. அரங்கத்தில் கடிகாரத்தை இயக்க வேறு ஆள் இல்லாமல் பத்தொன்பது வருடம் நான் உட்கார்ந்த மேஜை அது. மேஜையில் என்னோடு உட்காரும் மூன்றாவது நடுவர் அன்று வரவில்லை, நான் தனி. தெற்கிலிருந்து வந்தவர்களுக்குச் சமன் ஆனாலே போதும், முதல் பிரிவுக்குப் போய்விடுவார்கள், நமக்கு வெற்றி வேண்டும். இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தோம். முதல் பாதியிலேயே அவர்களின் ஆட்கள் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "வாத்தியாரே, உங்க மகன்கிட்ட பந்து இருந்தா மட்டும் கடிகாரம் குதிரை மாதிரி ஓடுதே" என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். கடைசியில் அவர்கள் கோல் கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஐந்தாவது ஆளையும் தாக்குதலுக்கு இறக்கியதும், சகின்பாய் வந்து டைம் அவுட் கேட்கும் பச்சை அட்டையை என் நோட்டின்மேல் வைத்துவிட்டுத் தன் பெஞ்சுக்குப் போய்விட்டார். பந்து வெளியே போய் நமக்குக் கிடைத்தால் நான் ஹாரனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. முப்பத்தெட்டு நொடி இருக்கும்போது பந்து வெளியே போனது. நடுவர் நம் பக்கம் கை காட்டினார். நான் பார்த்தேன். பார்த்தும், சரியாகத்தான் பார்த்தேனா, இல்லை மகனுக்காக அப்படிப் பார்க்கிறேனா என்று ஒரு சந்தேகம் வந்தது. நடுவரின் கையை இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்று தலையைத் தூக்கினேன். அதற்குள் நீ அவசரமாகப் பந்தைப் போட்டுவிட்டாய், நடுவில் ஒருவன் பறித்தான், இரண்டுக்கு இரண்டு ஆகிவிட்டது, பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஹாரன் அடித்திருந்தால் நீங்கள் எல்லோரும் ஒரு நிமிடம் தண்ணீர் குடித்துவிட்டு, யார் எங்கே நிற்பது என்று கேட்டுக்கொண்டு உள்ளே போயிருப்பீர்கள். அப்போதும் அந்தக் கோல் விழுந்திருக்கலாம், அது எனக்குத் தெரியாது.

டைம் அவுட் கேட்கத் தெரியாத முட்டாள் என்று ஊரே சகின்பாயை ஏசியது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ பையைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டிப் போனாய். ஒன்பது வருடம் அங்கே நன்றாக ஆடினாய், கேப்டனாக இருந்தாய், அதனால் எல்லாம் நல்லதற்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். பயம்தான், வேறு காரணம் இல்லை.

நேற்று சகின்பாயின் வீட்டுக்குப் போனேன். இப்போது டயர் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறார், ஒரு காது சரியாகக் கேட்பதில்லை. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க வாத்தியாரே. நாலு தெரு தள்ளியிருக்கிற வீட்டுக்கு வர பதினாலு வருஷமா? உங்க கடிகாரத்துக்குச் சாவி குடுக்கணும் போல" என்றார். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லி? நீங்க எழுந்து போயிருப்பீங்க. அந்த மேஜையில உக்கார வேற எவன் இருந்தான்? கடிகாரம் இல்லாம என்னத்த ஆடறது?" என்றார். பிறகு உன் கதையை, நோட்டில் இருந்த கணக்கை, எல்லாம் சொன்னேன். காதுக்குப் பக்கத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டதும்தான் அவருக்குக் கோபம் வந்தது, பதினாலு வருடம் வராத கோபம். "நம்பிக்கையா? யாரு சொன்னது? எனக்கு அன்னிக்குத் தொடை ரெண்டும் நடுங்குச்சு. பசங்களுக்கு மூச்சே இல்ல, அதான் அட்டையைக் கொண்டாந்து வச்சேன். நான் வைக்கலைன்னு நெனச்சுக்கிட்டு அவன் ஊர் பேர் தெரியாத பசங்களையெல்லாம் தண்ணியில தள்ளிவிட்டுட்டு நிக்கிறானா? உடனே எழுதுங்க வாத்தியாரே. இதையும் இன்னொரு தடவை சரிபார்த்துட்டு உக்காந்திருக்காதீங்க" என்றார். தேநீர் கொடுத்தார். கிளம்பும்போது, தான் அன்று அட்டையை வைத்ததும் பெஞ்சுக்குப் போனது தன் தப்பு, அங்கேயே நின்றிருக்க வேண்டும் என்று உனக்கு எழுதச் சொன்னார்.

அந்த அட்டை அன்று என் நோட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், ஓரம் கொஞ்சம் மடங்கியிருக்கிறது. என்மேல் உனக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் அது நியாயம்தான், அதைப் பிறகு எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள், ஆனால் சனிக்கிழமைக்கு முன் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள். நீ ஆட்டத்தைத் தனியாகக் கெடுத்தவன் இல்லை, உன் பயிற்சியாளர் உன்னைத் தனியாக விட்டவரும் இல்லை. உன் பையன்களில் ஒருவன் திரும்பிப் பார்க்கும்போது உனக்கு ஒரு நிமிடம் இருக்கிறது, அதைக் கேள். உன் அணியின் ஆட்டத்தை நான் நாற்பது நிமிடமும் எழுதியிருக்கிறேன் எல்தியார், முதல் முப்பத்தேழு நிமிடம் அது தோற்கிற அணி இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, ஆட்டத்தன்று வெறும் வயிற்றில் போகாதே. குபாத்திடம் பையை வாங்கிக்கொண்டதும் அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல். ஜெயித்தாலும் தோற்றாலும் நூரூஸுக்கு வந்துவிடு, பெக்தூர் ஓடவே ஆரம்பித்துவிட்டால் அம்மா என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் இதை எழுதி முடிக்கிறேன் என்று தெரிந்து அவள் உள்ளங்கைகளை விரித்து உனக்காக ஆண்டவனிடம் கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள், நானும் அப்படியே செய்தேன். உன் வழி வெளிச்சமாக இருக்கட்டும், உன் பையன்களின் கால்கள் பலமாக இருக்கட்டும்.

மறந்துவிடாதே, அட்டையை வைத்ததும் பெஞ்சுக்குத் திரும்பாதே. ஹாரன் கேட்கும்வரை மேஜைப் பக்கத்திலேயே நில். அங்கே உட்கார்ந்திருப்பவர் என்னைப் போன்ற ஆளாக இருக்கலாம்.

உன் அப்பா
முகாஷ்